முட்டையின் மேல் போட்ட பழி

கரு வளர்ச்சி நின்றுவிட்டது என்று ஒரு தம்பதியிடம் சொல்லப் போகும்போது, நீங்கள் சொல்லும் முதல் வாக்கியத்தைத்தான் அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அதற்குப் பிறகு நீங்கள் தரும் விளக்கம், ஆறுதல், அடுத்த முறைக்கான யோசனை எதுவும் அவர்களுக்குக் கேட்பதில்லை. இதை எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நான் அதைக் கற்றுக்கொண்டதற்கு வேறொருத்தி விலை கொடுத்தாள்.

மலேசியாவின் சுங்கை பட்டாணியில் கருத்தரிப்பு மையம் ஒன்றின் ஆய்வுக்கூடத்துக்கு நான் பல ஆண்டுகள் பொறுப்பாக இருந்தேன். இப்போது ஓய்வில் இருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். ஊசி பிடிப்பதையும் தட்டு தயார் செய்வதையும் நீங்கள் என்னைவிட நன்றாகவே செய்வீர்கள். உங்கள் கருவிகளும் எங்களுடையவற்றைவிட நல்லவை. அதனால் அதைப் பற்றி எழுதவில்லை. பயத்தில் இருக்கும்போது மனிதன் என்ன பேசுவான் என்பதைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில், உங்களுக்குத் தெரிந்த ஒன்றையே என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். கதை முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

கருவின் ஆரம்ப நாட்களில் வேலை செய்வது கருவின் மரபணுக்கள் அல்ல. முட்டை வளரும் காலத்திலேயே தாயின் உடல் ஆயிரக்கணக்கான தூது ஆர்.என்.ஏ.க்களை, அதாவது புரதம் செய்யச் சொல்லும் செய்திகளை, எழுதி உள்ளே அடுக்கி வைத்துவிடுகிறது. அவற்றில் பலவற்றின் வால் குட்டையாக இருக்கும். அந்த நிலையில் செல் அவற்றைப் படிப்பதில்லை, புரதமாக மாற்றுவதுமில்லை. முட்டை முதிரும்போது சிலவற்றின் வால் நீட்டப்படுகிறது, அவை படிக்கப்படுகின்றன. வேலை முடிந்தவை அழிக்கப்படுகின்றன. கரு நான்கு செல்லிலிருந்து எட்டு செல்லாகும் கட்டத்தில் தாயின் பழைய செய்திகள் பெரும்பாலும் துடைக்கப்பட்டு, கருவின் சொந்த மரபணுக்கள் முதல்முறையாக முழு மூச்சில் பேசத் தொடங்கும். பழையது போகாவிட்டாலும் புதியது வராவிட்டாலும் கரு அங்கேயே நின்றுவிடும்.

என் அப்பா மெர்போக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் இறங்கிய பால் தொழிற்சாலைக்குப் போய்ச் சேரும்வரை உறையக்கூடாது என்பதற்காக அமோனியா விடுவார்கள். தொழிற்சாலையில் அமிலம் விட்டு, அவர்கள் வேண்டும் நேரத்தில் உறைய வைப்பார்கள். வழியில் தாமதமானால் பால் தன் இஷ்டத்துக்கு உறைந்துவிடும். முட்டைக்குள் இருக்கும் செய்திகளைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எனக்கு அந்தப் பால்தான் நினைவுக்கு வந்தது. கருத்தரிக்காமல் அதிக நேரம் காத்திருக்கும் முட்டையில், வைத்திருக்க வேண்டிய செய்திகள் சிதையத் தொடங்கிவிடும்.

எனக்கு வேலை கற்றுத்தந்தவர் பினாங்கைச் சேர்ந்த ஒரு சீனப் பெண்மணி. அதிகம் பேசமாட்டார். ஒருமுறை இரண்டாம் நாள் கருவைப் பார்த்துவிட்டு, அழகாகப் பிரிந்திருக்கிறது, தம்பதிக்கு போன் பண்ணட்டுமா என்று கேட்டேன். இப்போது பேசிக்கொண்டிருப்பது அம்மா, பிள்ளை இன்னும் வாயே திறக்கவில்லை, யாரைக் கேட்டு நீ போன் பண்ணப் போகிறாய் என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் நான் அந்தத் தவறைச் செய்தேன்.

பீடோங்கில் மளிகைக்கடை வைத்திருந்த ராமலிங்கத்தின் மகன் தினேஷும் மருமகள் லோகேஸ்வரியும் எங்களிடம் வந்தார்கள். லோகாவுக்கு முப்பத்துச் சொச்சம் வயது. மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர். அழுவதற்கு முன்னால் எதையாவது கேலியாகச் சொல்லிவிடும் பெண். தினேஷ் அப்பாவின் கடைக்கு லாரி ஓட்டினான். அப்பா பக்கத்தில் இருந்தால் தலை நிமிர்ந்து பேசமாட்டான். அவனுடைய விந்தணுக்கள் எண்ணிக்கையிலும் குறைவு, வடிவமும் சரியில்லை. அது அவனுக்குத் தெரியும், லோகாவுக்கும் தெரியும். ராமலிங்கத்துக்குத் தெரியாது. சொல்ல வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள்.

முட்டை எடுத்த நாள் வெள்ளிக்கிழமை. எங்கள் கெடா மாநிலத்தில் வெள்ளி வார விடுமுறை. ஆனால் முட்டை முதிர்ந்தால் எடுத்தாக வேண்டும். டாக்டர் காலையில் எடுத்துத் தந்துவிட்டு, லேப் உங்கள் பொறுப்பு என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். என்னையும் ஒரு தாதியையும் தவிர வேறு யாரும் இல்லை. முட்டைகள் நன்றாக இருந்தன. நண்பகலுக்கு முன்பே ஒவ்வொன்றிலும் ஒரு விந்தணுவைச் செலுத்திவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

ராமலிங்கம் காத்திருப்பு அறையிலிருந்து எழுந்து வந்து, லேப் கதவுக்கு வெளியே என்னைப் பிடித்துக்கொண்டார். கையில் நாட்காட்டியிலிருந்து கிழித்த தாள்.

"டாக்டர் தம்பி, ஒரே ஒரு விசயம். ராகு காலத்துல ஆரம்பிச்சிடாதீங்க."

நான் டாக்டர் இல்லை, ஆனால் அவர் அப்படித்தான் கூப்பிடுவார். திருத்துவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

"பன்னெண்டு மணிக்கு முடிஞ்சிரும்ல?" என்றேன்.

"அது இந்தியா டைம் தம்பி. என் சம்சாரம் பாக்கறது அது. நம்ம ஊர்ல சூரியனே ஏழேகாலுக்குத்தான் வர்றாரு. அப்ப ராகு மட்டும் எப்படி அந்த டைமுக்கே வருவாரு? நம்ம கணக்குக்கு ஒண்ணே காலுக்குத்தான் முடியுது."

"அப்ப உங்க வீட்டுல ரெண்டு ராகு காலமா?"

"ஆமா லா. ரெண்டையும் தள்ளிட்டா வீட்டுல சண்டை இல்ல."

சிரித்தேன். சிரித்துக்கொண்டே சரி என்றேன். அந்தச் சிரிப்பைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் சொல்ல வேண்டும். முடியாது என்று சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. அது அவருக்குப் புரிந்திருக்கும். கடைக்காரர், கெட்டுப்போகும் சரக்கைப் பற்றி அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வையில், நானும் நம்மாள்தான், எனக்கும் இதெல்லாம் புரியும் என்ற நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கை எனக்குப் பிடித்திருந்தது. கொஞ்ச நேரத் தாமதம் ஒன்றும் செய்யாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் முழுப் பொய்யில்லை.

இரண்டு ராகு காலமும் முடிந்தன. கையுறை போட்டுக்கொண்டு உட்காரப் போனேன். தாதி வந்து, அந்தப் பெரியவர் மறுபடி கூப்பிடுகிறார் என்றாள். அவர் மனைவி கோயிலிலிருந்து திருநீறு எடுத்துக்கொண்டு பீடோங்கிலிருந்து வந்துகொண்டிருக்கிறாராம். வழியில் மழை, சாலை அடைத்துக் கிடக்கிறதாம். அது மருமகளின் நெற்றியில் பட்ட பிறகு ஆரம்பிக்க முடியுமா என்று கேட்டார். இவ்வளவு நேரம் காத்தாயிற்று, இன்னும் கொஞ்சம்தானே என்று தோன்றியது. இந்த 'இன்னும் கொஞ்சம்தானே' என்பதை நீங்கள் உங்களுக்குள் கேட்கும்போதெல்லாம் எழுந்து நில்லுங்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். மழை விடவில்லை. மூடிய இன்குபேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருப்பவை எனக்காகக் காத்திருக்கின்றன என்று தெரியும். எழுந்து போய், இனி முடியாது என்று சொல்லிவிட்டு வரலாம் என்று இரண்டு முறை கதவுவரை போனேன். முதலிலேயே சொல்லாததை இப்போது சொன்னால், ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்பாரே என்று திரும்பி வந்தேன்.

அம்மாள் வந்து சேர்ந்து, லோகாவின் நெற்றியில் திருநீறு வைத்து, நான் ஊசியை எடுத்தபோது பிற்பகல் நன்றாகச் சாய்ந்திருந்தது.

அன்று மாலை டாக்டர் போன் செய்தார். லேப்பில் ஏதும் விசேஷம் உண்டா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

மறுநாள் பார்த்தால், பெரும்பாலான முட்டைகள் கருத்தரித்திருந்தன. அதற்கடுத்த நாள் நான்கு செல்கள். ஒன்றுபோல் அளவான, தெளிவான நான்கு செல்கள். என் நெஞ்சிலிருந்து பாறையை எடுத்து வைத்தது போலிருந்தது. தாமதம் எதையும் கெடுக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். என் ஆசிரியை சொன்னது அப்போதும் எனக்கு நினைவில் இருந்தது. ஆனாலும் போன் செய்தேன். லோகாவிடம் நிதானமாகக்கூடப் பேசவில்லை.

"எல்லாம் ரொம்ப நல்லா இருக்கும்மா. இதைவிட அழகா நான் பாத்ததில்ல."

"அப்ப என்னைப் போல இருக்குன்னு சொல்லுங்க சார்," என்றாள். பிறகு குரல் மாறி, "நிஜமாவா?" என்றாள்.

"நிஜமா."

ராமலிங்கம் அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தாராம்.

மூன்றாம் நாள் காலை தட்டை எடுத்து வைத்துக் குனிந்தேன். அதே நான்கு செல்கள். நேரம் இருக்கிறது, மெதுவாக வரும் என்று மூடி வைத்தேன். மதியம் பார்த்தேன், நான்கு. அடிக்கடி வெளியே எடுக்கக்கூடாது என்று புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அன்று அடிக்கடி எடுத்தேன். அழகு மட்டும் குறைந்துகொண்டே வந்தது. செல்களின் ஓரம் சிதறி, சின்னச் சின்னத் துண்டுகள் தெரிந்தன. மறுநாளும் நான்குதான். ஒன்றுகூடத் தாண்டவில்லை. தாயிடமிருந்து பிள்ளைக்குப் பேச்சு கைமாறும் அந்த வாசலில் எல்லாமே நின்றுவிட்டன.

லிஃப்டில் ஏறிக் கீழே போய், என் காரில் உட்கார்ந்தேன். கதவைப் பூட்டிக்கொண்டேன், ஏனென்று தெரியவில்லை. அப்போது அந்தத் தம்பதியைப் பற்றி நான் நினைக்கவில்லை. தாதிக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரிந்தால் என்ன ஆகும், ராமலிங்கம் தன் கடையில் உட்கார்ந்து, டாக்டர் தம்பி எனக்காக ராகு காலம் பார்த்தார் என்று யாரிடமாவது பெருமையாகச் சொல்லியிருப்பாரே என்றுதான் நினைத்தேன். காரணம் ஒன்று வேண்டும், அது லேப்புக்கு வெளியே இருக்க வேண்டும். காரிலிருந்து இறங்கும்போது என்னிடம் அது இருந்தது.

டாக்டர் அறையில் தினேஷ், லோகா, ராமலிங்கம் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். ராமலிங்கத்தை வெளியே இருக்கச் சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. டாக்டர் மெதுவாக ஆரம்பித்து, லேப் என்ன நினைக்கிறது என்று என் பக்கம் திரும்பினார்.

"முட்டையோட தரம் சரியில்ல," என்றேன்.

லோகா என்னைப் பார்த்தாள்.

"என் முட்டையா சார்?"

அந்த இடத்தில் எனக்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்தது. அந்தக் கேள்வி அதற்காகவே வந்தது போலிருந்தது. கரு அந்தக் கட்டத்தில் நின்றால் காரணம் தாயின் செய்திகள் கெட்டுப்போனதாக இருக்கலாம். தந்தையின் மரபணுக்கள் முதல்முறையாகப் படிக்கப்படுவதும் அப்போதுதான், பழுது அங்கே இருந்தாலும் அதுவரை வெளியே தெரியாது. லேப்பில் நடந்ததாகவும் இருக்கலாம். எது என்று அந்தத் தட்டைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. நான் சொல்லியிருக்க வேண்டியது இந்த மூன்றையும்தான், பிறகு தெரியாது என்ற ஒரு சொல்.

"ஆமாம்மா," என்றேன்.

தினேஷ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தோள் கொஞ்சம் தளர்ந்ததை நான் கவனித்தேன். அது ஆறுதல் என்று எனக்கு அப்போதே புரிந்தது. என் தோளும் அப்படித்தான் தளர்ந்தது.

ராமலிங்கம் எழுந்து, "அதுக்கு நீங்க என்ன செய்வீங்க தம்பி. உங்களால முடிஞ்சத செஞ்சீங்க," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மருமகளை அவர் பார்க்கவில்லை.

அதன் பிறகு பல மாதங்கள் அவர்கள் வரவில்லை. எனக்கு அது வசதியாகவே இருந்தது. ஆனால் பீடோங் வழியாகப் போக வேண்டியிருந்தால் சுற்றுப்பாதையில் போகத் தொடங்கியிருந்தேன். தட்டில் எந்தக் கரு நான்கு செல்லில் தயங்கினாலும் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பேன். தூக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு ஒருநாள் லோகா தனியாக வந்தாள். மெலிந்திருந்தாள். டாக்டர் வேறொரு பெண்ணின் முட்டையைத் தானமாகப் பெறலாம் என்று யோசனை சொல்லியிருந்தார். முட்டை சரியில்லை என்றால் அடுத்த வழி அதுதான். அந்த முறை தோற்றதற்குக் காரணமாக அவருக்குத் தெரிந்தது நான் சொன்னது மட்டும்தான்.

"அத்தை இப்ப நான் சமைச்சா சாப்புடறாங்க, ஆனா என்கூட உக்காந்து சாப்புடறதில்ல," என்றாள் சிரித்தபடி. "மாமா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. கடைக்கு வர்றவங்க கேட்டா, 'மருமகளுக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் கோளாறு' அப்படிம்பாரு. ஏதோ லாரி இஞ்சினப் பத்திச் சொல்ற மாதிரி."

"தினேஷ் ஒண்ணும் சொல்றதில்லையா?"

"அவரு என்னா சொல்வாரு சார். நல்ல மனுசன். எனக்குத் தலைவலின்னா தைலம் தேச்சு விடுவாரு. அப்பா முன்னால மட்டும் வாய் வராது."

பையை மடியில் வைத்து அதன் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வேற ஒருத்தவங்க முட்டைனா, பொறக்கற பிள்ளைல நான் இருக்கமாட்டேன் இல்லையா? எனக்கு அதான் ஒரு மாதிரியா இருக்கு. ஆனா என்னுதுல நிச்சயமா வராதுன்னா ஒத்துக்கறேன். நீங்கதான கண்ணால பாத்தீங்க. நீங்க சொல்லுங்க."

இதுதான் நான் வெட்கப்படும் இடம். காரில் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பயம். பயத்தில் ஒருவன் எதையாவது சொல்லிவிடுவான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அன்று எனக்கு அவசரம் எதுவும் இல்லை. மதிய வெயில், அமைதியான அறை, எதிரே ஒரு பெண். ஒரு வாக்கியம் சொன்னால் அவள் தன் முட்டையை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்காது. குறைந்தது, இன்னொரு முறை நேரத்தோடு செய்து பார்க்கலாம் என்றாவது தெரிந்திருக்கும். சொன்னால் முன்பு சொன்னது பொய் என்று ஆகிவிடும்.

"டாக்டர் சொல்றபடி செய்ங்க," என்றேன்.

முட்டை தந்த பெண் யாரென்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. இளம் வயது, ஏற்கெனவே ஒரு பிள்ளை பெற்றவள். இம்முறை நான் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. குறித்த நேரத்தில் தினேஷின் விந்தணுக்களைச் செலுத்தினேன். ராமலிங்கமும் நாட்காட்டியோடு வரவில்லை. யாருடைய முட்டை என்று தெரியாத ஒன்றுக்கு நேரம் பார்க்க அவருக்கு மனம் வரவில்லையோ என்னவோ.

இரண்டாம் நாள் நான்கு செல்கள். அழகானவை. போன் செய்யவில்லை.

மூன்றாம் நாள் குனிந்து பார்த்தேன். நான்கு. அடுத்த நாளும் நான்கு. வேறு ஒரு தாய், வேறு செய்திகள், சரியான நேரம்; நின்ற இடம் மட்டும் அதே இடம். எங்கள் லேப்பைத் தவிர, இரண்டுக்கும் பொதுவாக இருந்தது தினேஷின் விந்தணு ஒன்றுதான். அதை வைத்தும் உறுதியாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் நான் கொடுத்த தீர்ப்பு விழுந்துவிட்டது. ஒருவேளை அந்த வெள்ளிக்கிழமைத் தாமதம் எதையுமே கெடுக்காமல் இருந்திருக்கலாம். எதை மறைக்க நான் அந்தப் பெண்ணின் மேல் பழி போட்டேனோ, அது குற்றமாகவே இல்லாமல் இருந்திருக்கலாம். பழி மட்டும் நிஜம்.

இம்முறை தினேஷும் லோகாவும் மட்டும் வந்தார்கள். டாக்டர் சொல்லி முடித்தார். லோகா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லிட்டீங்களா சார்? முட்டை சரியில்லன்னு?"

குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போலிருந்தது. வாய் திறந்ததும் எல்லாமே வெளியே வந்துவிட்டது. டாக்டர் எதிரிலேயே சொன்னேன். ராகு காலம், மழை, திருநீறு, டாக்டர் போனில் கேட்டபோது ஒன்றுமில்லை என்று சொன்னது, காரில் உட்கார்ந்து காரணம் தேடியது. நான்கு செல்லில் நின்றால் யார் காரணம் என்று சொல்ல முடியாது என்பது எனக்கு அன்றே தெரியும் என்பதையும் சொன்னேன். அதைத்தான் கடைசியில் சொன்னேன். சொல்லக் கடினமாக இருந்ததும் அதுதான்.

டாக்டர் முகம் சிவந்துவிட்டது. அவர் என்னிடம் பிறகு பேசியதையும், நான் பொறுப்பிலிருந்து விலகியதையும் இங்கே விரிக்க வேண்டியதில்லை. அது எனக்கு உரியது, கிடைத்தது.

லோகா பையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள். பிறகு, "எங்கிட்ட சொன்னா எப்படி சார்," என்றாள். "அன்னிக்கு மாமா முன்னாலதான சொன்னீங்க. மாமா முன்னாலயே வந்து சொல்லுங்க."

நான் தினேஷைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் அவன் மறைத்து வைத்ததும் வெளியே வரும். அவன் அனுமதி இல்லாமல் என்னால் அதைச் சொல்ல முடியாது. அவன் லோகாவின் கையில் இருந்த பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

"வாங்க சார்," என்றான். "நானும் இருப்பேன்."

பீடோங் கடைக்கு நான் போனது ஒரு பகல் வேளையில். வண்டியை நிறுத்த இடம் தேடி இரண்டு முறை சுற்றினேன். இடம் இருந்தது, இறங்க மனம் இல்லை. கடையில் கருவாடும் சாம்பிராணியும் கலந்த வாசனை. ராமலிங்கம் கல்லாவில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "டாக்டர் தம்பி, வாங்க வாங்க, என்னா இவ்ளோ தூரம்," என்றார். தோட்டத்திலிருந்து வந்த ஓர் அம்மாள் பருப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தார். தினேஷ் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றான். லோகா அலமாரி ஓரத்தில் நின்றாள்.

நின்றபடியே சொன்னேன். முட்டை சரியில்லை என்று நான் சொன்னது தப்பு. எனக்குத் தெரியாததைத் தெரிந்தது போலச் சொன்னேன். அன்று தாமதம் செய்ததை மறைக்கச் சொன்னேன்.

ராமலிங்கத்தின் கை கல்லாப்பெட்டியின் மேல் இருந்தது. "அப்ப... நான் நேரம் பாக்கச் சொன்னதாலயா?"

"நீங்க கேட்டதுல தப்பில்ல ஐயா. சரின்னு சொன்னது நான். அதுதான் காரணமான்னும் தெரியாது."

"பின்ன யாரால?"

"தெரியாது ஐயா."

"என் பக்கமும் இருக்கலாம்பா," என்றான் தினேஷ். "எனக்கு மொதல்லேருந்தே ரிப்போர்ட் சரியில்ல. ஒங்ககிட்ட சொல்லல."

பருப்பு வாங்க வந்த அம்மாள் பக்கத்துத் தகர டப்பாக்களை உற்றுப் பார்க்கத் தொடங்கினார். ராமலிங்கம் மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவமானப்பட்ட மனிதர் எதையாவது மூடி வைக்கப் பார்ப்பாரே, அப்படிக் கையை வீசினார்.

"சரி விடுங்க தம்பி. முடிஞ்சது முடிஞ்சது. டீ சாப்புடறீங்களா?"

எனக்கு நிம்மதியாகிவிட்டது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. அவர்களுக்குப் பிறகு குழந்தை பிறந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமையை நான் இழந்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது அந்தக் கடையில் அதற்கடுத்து நடந்தது மட்டும்தான்.

"டீ அப்பறம் மாமா," என்றாள் லோகா. அலமாரியை விட்டு முன்னால் வந்தாள். "மாமாவுக்கு ஒரு காது மந்தம் சார். சரியா விழுந்திருக்காது. அத்தையும் உள்ளதான் இருக்காங்க, அவங்க கேக்கவே இல்ல."

ராமலிங்கம் மருமகளை நிமிர்ந்து பார்த்தார். அந்த டாக்டர் அறையில் பார்க்காத பார்வை அது. பிறகு உள்பக்கம் திரும்பி, "ஏ, இங்க வா. இவரு ஒண்ணு சொல்றாரு, நீயும் வந்து கேளு," என்று குரல் கொடுத்தார்.

அவர் மனைவி ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி வந்து நின்றார். லோகா கல்லாவுக்குப் பின்னால் இருந்த நாற்காலியைச் சத்தமாக இழுத்து நடுவில் போட்டாள். எனக்குத்தான் என்று நினைத்து ஓர் அடி எடுத்து வைத்தேன்.

அவள் அதில் உட்கார்ந்துகொண்டாள்.

"இப்ப சொல்லுங்க சார்," என்றாள்.